பனிப்போரின் வேர்கள்: இரு வல்லரசுகளின் பகை எங்கே தொடங்கியது?

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பகைவர்களாயின, அதுவே பனிப்போர் என்று நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். இது தவறல்ல, ஆனால் முழு வரலாறும் அல்ல. ஹிட்லரை எதிர்த்து ஒரே அணியில் நின்ற இரு நாடுகள் ஓரிரு ஆண்டுகளில் எதிரெதிர் முகாம்களாகப் பிரிந்தது ஏன்? இதை விளங்கிக்கொண்டால்தான் ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகள் பிற்காலத்தில் பட்ட துன்பங்களின் பின்னணியும் நமக்குப் புரியும்.

இரு கொள்கைகள்

முதலாளித்துவத்தில் ஆலை, வங்கி, நிலம் ஆகியவை பெரும்பாலும் தனியாரிடம் இருக்கும். எதை உற்பத்தி செய்வது, என்ன விலைக்கு விற்பது என்பதைச் சந்தையும் இலாபமும் தீர்மானிக்கும். ஐரோப்பாவில் தொழிற்புரட்சி பெருஞ்செல்வத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் செல்வத்தை உருவாக்கிய தொழிலாளர்கள், சிறுவர்கள் உட்பட, நாளெல்லாம் உழைத்தும் வறுமையிலேயே கிடந்தனர்.

இந்த அநீதிக்குத் தீர்வு என்றுதான் காரல் மார்க்ஸும் ஃபிரெட்ரிக் ஏங்கெல்ஸும் 1848இல் 'கம்யூனிஸ்ட் அறிக்கை'யை வெளியிட்டனர். தனியுடைமையே சுரண்டலுக்குக் காரணம். தொழிலாளர்கள் புரட்சி செய்து உற்பத்திச் சாதனங்களைப் பொதுவுடைமை ஆக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். சுமார் எழுபது ஆண்டுகள் இது கட்சிகளின் கொள்கையாகவே இருந்தது. எந்தப் பெரிய நாட்டின் ஆட்சியும் அதன் கையில் வரவில்லை.

1917: கொள்கை அரசாகிறது

1917 நவம்பரில் லெனின் தலைமையிலான போல்ஷெவிக்குகள் ரஷ்யாவில் ஆட்சியைக் கைப்பற்றினர். வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினர். ஜார் மன்னர் காலத்து வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தனர். 1918 மார்ச்சில் ஜெர்மனியுடன் தனியாக உடன்படிக்கை செய்துகொண்டு முதல் உலகப்போரிலிருந்து விலகினர்.

பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் ஆகிய நாடுகள் ரஷ்ய மண்ணில் படைகளை இறக்கின. உள்நாட்டுப் போரில் போல்ஷெவிக் எதிர்ப்பாளர்களுக்கு மேற்கு நாடுகள் உதவின. மறுபுறம், உலகெங்கும் புரட்சியைப் பரப்ப மாஸ்கோவில் 1919இல் 'கம்யூனிஸ்ட் அகிலம்' தொடங்கப்பட்டது. 'இவர்கள் நம்மை அழிக்கவே வந்தவர்கள்' என்ற அச்சம் இரு பக்கமும் வேரூன்றியது அப்போதுதான். சோவியத் அரசை அமெரிக்கா அங்கீகரித்ததே 1933இல்தான்.

முஸ்லிம்கள் கண்ட இரு முகங்கள்

அரபு நிலங்களைப் பங்கிட்டுக்கொள்ள பிரிட்டனும் பிரான்ஸும் 1916இல் செய்த சைக்ஸ்–பிகோ இரகசிய ஒப்பந்தத்தை 1917 நவம்பரில் வெளியிட்டவர்கள் போல்ஷெவிக்குகளே. அடுத்த மாதமே ரஷ்யாவிலும் கிழக்கிலும் வாழும் உழைக்கும் முஸ்லிம்களுக்கு அழைப்பு விடுத்து, உங்கள் நம்பிக்கைகளும் வழக்கங்களும் இனிச் சுதந்திரமானவை என்று வாக்களித்தனர்.

அந்த வாக்கு நிலைக்கவில்லை. 1920களின் பிற்பகுதியிலிருந்து மத்திய ஆசியாவில் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் பெருமளவில் மூடப்பட்டன. அப்பகுதி மொழிகள் அரபு எழுத்திலிருந்து முதலில் இலத்தீன் எழுத்துக்கும், பிறகு ரஷ்ய எழுத்துக்கும் மாற்றப்பட்டன. பாட்டனார் எழுதி வைத்ததைப் பேரன் படிக்க இயலாத நிலை உருவானது. சுதந்திரம் பேசிய மேற்கு நாடுகளோ எகிப்து முதல் இந்தோனேசியா வரை குடியேற்ற ஆட்சியைத் தொடர்ந்தன.

தேவைக்காக ஏற்பட்ட நட்பு

1938இல் மியூனிக்கில் பிரிட்டனும் பிரான்ஸும் சோவியத்தைச் சேர்க்காமலேயே ஹிட்லருடன் சமரசம் செய்துகொண்டன. 1939 ஆகஸ்ட்டில் ஸ்டாலினும் ஹிட்லருடன் போர் தவிர்ப்பு ஒப்பந்தம் செய்துகொண்டார். 1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத்தின் மீது படையெடுத்த பிறகே பழைய பகைவர்கள் கைகோத்தனர்.

போரில் சோவியத் தரப்பில் இறந்தோர் சுமார் 2.7 கோடி என்று மதிப்பிடப்படுகிறது. இனி தன் எல்லையை ஒட்டிய நாடுகளில் தனக்கு இணக்கமான அரசுகளே இருக்க வேண்டும் என்றார் ஸ்டாலின். 1945 பிப்ரவரியில் யால்டா மாநாட்டில் போலந்தில் சுதந்திரமான தேர்தல் நடத்துவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால் அது நடக்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் ஜப்பான் மீது அமெரிக்கா வீசிய அணுகுண்டுகள் மாஸ்கோவின் அச்சத்தை அதிகரித்தன.

ஈரான்: முதல் மோதல்

பெர்லினுக்கு முன்பே மோதல் வெடித்த இடம் ஈரான். 1941இல் பிரிட்டனும் சோவியத்தும் அந்நாட்டில் நுழைந்தன. போர் முடிந்த ஆறு மாதத்திற்குள் வெளியேறுவதாக ஒப்பந்தமும் செய்தன. கெடு 1946 மார்ச் 2. பிரிட்டன் வெளியேறியது; சோவியத் வெளியேறவில்லை. அதன் ஆதரவில் தப்ரீஸிலும் மஹாபாத்திலும் தனி அரசுகள் அமைந்திருந்தன. வடக்கு ஈரானின் எண்ணெய் உரிமையையும் அது கேட்டது.

ஈரான் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தில் முறையிட்டது. அமெரிக்க அழுத்தத்தாலும், எண்ணெய் உடன்பாட்டிற்கு ஈரான் பிரதமர் கவாம் இசைந்ததாலும் 1946 மே மாதத்தில் சோவியத் படை வெளியேறியது. அடுத்த ஆண்டு ஈரான் நாடாளுமன்றம் அந்த உடன்பாட்டை நிராகரித்தது. ஆனால் வல்லரசுகளின் கண் அந்நாட்டை விட்டு அகலவில்லை. எண்ணெயை நாட்டுடைமை ஆக்கிய பிரதமர் முஸத்திக்கின் ஆட்சி, 1953இல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகளின் துணையுடன் கவிழ்க்கப்பட்டது.

இரு முகாம்கள்

1946 மார்ச்சில் ஃபுல்டன் நகரில் பேசிய சர்ச்சில், ஐரோப்பாவின் குறுக்கே 'இரும்புத்திரை' விழுந்துவிட்டது என்றார். 1947 மார்ச்சில் கிரேக்கத்திற்கும் துருக்கிக்கும் 40 கோடி டாலர் உதவி கேட்ட அமெரிக்க அதிபர் ட்ரூமன், கம்யூனிசம் பரவுவதைத் தடுப்பதைத் தம் நாட்டின் கொள்கையாக்கினார். தொடர்ந்து மார்ஷல் திட்டம் மேற்கு ஐரோப்பாவிற்குச் சுமார் 1,300 கோடி டாலர் வழங்கியது. கிழக்கு ஐரோப்பிய நாடுகள் அதில் சேராதபடி ஸ்டாலின் தடுத்தார்.

1948 ஜூனில் மேற்கு பெர்லினுக்குச் செல்லும் தரைவழிகளைச் சோவியத் அடைத்தது. அமெரிக்காவும் பிரிட்டனும் பல மாதங்கள் விமானத்தில் உணவும் நிலக்கரியும் கொண்டுசென்றன. 1949 ஏப்ரலில் நேட்டோ உருவானது. ஆகஸ்ட்டில் சோவியத்தும் அணுகுண்டைச் சோதித்தது. 1955இல் வார்சா ஒப்பந்தம் வந்தபோது உலகம் இரு முகாம்களாகப் பிரிந்திருந்தது. அதே ஆண்டு இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் பலவும் எந்த முகாமிலும் சேராத வழியைத் தேடின.

ஆக, இந்தப் பகைக்குக் கொள்கை வேறுபாடு ஒரு காரணம். அச்சம், எல்லை, எண்ணெய் ஆகியவை பிற காரணங்கள். ஒரு தரப்பு சமத்துவம் என்றது, மறுதரப்பு சுதந்திரம் என்றது. தப்ரீஸ் மக்களும் தெஹ்ரான் மக்களும் அனுபவித்தது வேறு. இன்றும் ஒரு வல்லரசு நம் பக்கம் பேசுவதாகத் தோன்றும்போது, அதன் அறிக்கையை மட்டும் படிக்காமல், அதன் படை எங்கே நிற்கிறது, யாருடைய வளத்தைக் கேட்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம்.