கோப்பையில் ஓர் ஊர், தட்டில் ஓர் ஊர்

ஓடி முடித்த கையோடு ஊர்க்காரர்கள் எங்கே போகிறார்கள் என்று கவனித்தால், அந்த ஊருக்கு எது சொந்தம் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். பெங்களூரில் கப்பன் பார்க்கைச் சுற்றி ஓடியவர்கள் காலை ஏழரைக்கெல்லாம் ஏதாவது ஒரு தர்ஷினிச் சிற்றுண்டிக் கடை வாசலில் நின்றபடியே இட்லியும் காராபாத்தும் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லண்டில் மாலை ஓட்டம் பல நேரங்களில் ஒரு பியர் கூடத்தின் வாசலில் தொடங்கும். வில்லாமெட் ஆற்றங்கரை வரை போய்விட்டு அதே வாசலுக்குத் திரும்பி, வியர்வை காய்வதற்குள் ஆளுக்கொரு கோப்பையோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

இந்த இரண்டு ஊர்களையும் அருகருகே வைத்துப் பார்க்கக் காரணம் உண்டு. ஓடுவதற்குத் தோதான குளிர்ச்சியைப் பெங்களூருக்கு அதன் 900 மீட்டர் உயரம் கொடுத்தது, போர்ட்லண்டுக்குப் பசிபிக் கடல் கொடுத்தது. இரண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே பியர் காய்ச்சுகிறார்கள். இரண்டிலும் இன்று ‘உள்ளூர்’ என்று எழுதாத உணவு அட்டையைப் பார்ப்பது அரிது. அந்தச் சொல்லை நம்பித்தான் நாம் காசு கொடுக்கிறோம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போர்ட்லண்டின் மண் அதன் கோப்பையில் இருக்கிறது, பெங்களூரின் மண் அதன் தட்டில் இருக்கிறது. அது இடம் மாறி அமர்ந்த கதை சுவாரசியமானது.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். பியரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். போர்ட்லண்டுக்கு 1895 முதல் புல் ரன் என்ற காட்டுப்பகுதியிலிருந்து தண்ணீர் வருகிறது. ஊருக்குக் கிழக்கே 40 கி.மீ. தள்ளி, ஹூட் மலையை ஒட்டிய காடு. பொதுமக்கள் உள்ளே போக முடியாது. அங்கே பெய்யும் மழை நீர்த்தேக்கங்களில் சேர்ந்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வழிந்தே ஊருக்குள் வந்துவிடுகிறது. தாது உப்புகள் மிகக் குறைந்த மென்னீர் அது. பியர் காய்ச்சுகிறவருக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்த வகை பியர் வேண்டுமோ அதற்கேற்ற உப்பைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

அந்தத் தண்ணீருக்கு இன்னொரு கதையும் உண்டு. 1912-இல் சைமன் பென்சன் என்ற மரவியாபாரி 10,000 டாலர் கொடுத்து நகரத் தெருக்களில் 20 வெண்கலக் குடிநீர்க் குழாய்களை நிறுவச் செய்தார். ஒரே தண்டில் நான்கு கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் சிறு ஊற்று. தொழிலாளிகள் பகல் தாகத்துக்குப் பியரைத் தவிர வேறு எதையாவது குடிக்கட்டுமே என்று அவர் எண்ணியதாக ஊரில் சொல்வார்கள். இன்றைக்கும் அந்தக் கிண்ணங்களில் தண்ணீர் கொப்பளிக்கிறது, ஓடுகிறவர்கள் குனிந்து குடிக்கிறார்கள். புட்டியைச் சுமக்காமல் ஓட முடிகிற நகரம் என்பது எவ்வளவு பெரிய கொடை என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியும்.

பெங்களூருக்கும் அதே 1890-களில்தான் ஹெசரகட்டா ஏரியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. அது அர்க்காவதி ஆற்றின் நீர். ஊர் பெருத்தது, ஏரி போதவில்லை. 1930-களில் அதே ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி அணை வந்தது, அதுவும் போதவில்லை. 1974-இல் காவிரி வந்தது. ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலிருந்து, கிட்டத்தட்ட 500 மீட்டர் மேலே ஏற்றி, இரவும் பகலும் பம்ப் செய்து கொண்டுவருகிறார்கள். போர்ட்லண்ட் இன்னும் அந்த 1895-ஆம் ஆண்டு ஓடையிலிருந்தே குடிக்கிறது. பெங்களூர் தன் ஓடையைத் தொலைத்துவிட்டு, தமிழ்நாட்டுக்கும் உரிமையுள்ள ஓர் ஆற்றை மலையேற்றிக் குடிக்கிறது. நகரில் பியர் காய்ச்சுகிற இடங்களில் பலவும் ஆழ்துளைக் கிணற்று நீரையோ டாங்கர் நீரையோ ஆர்.ஓ. இயந்திரத்தில் விட்டு உப்பை எல்லாம் அகற்றி, பிறகு வேண்டிய உப்பைச் சேர்த்துக்கொள்கின்றன. ஒரு லிட்டர் பியருக்கு, கழுவுவது குளிர்விப்பது எல்லாம் சேர்த்து, சிறிய கூடங்களில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு மேலேயே செலவாகும். 2024 கோடையில் கிணறுகள் வற்றி, காரைக் கழுவக் குடிநீரைப் பயன்படுத்தினால் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தபோது, இந்தக் கணக்கை நினைக்காமல் கோப்பையை எடுக்க முடியவில்லை.

இனி ஹாப்ஸ். பியருக்குக் கசப்பையும் மணத்தையும் தருகிற கொடியின் பூங்கொத்து இது. போர்ட்லண்டிலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் காரில் போனால் வில்லாமெட் பள்ளத்தாக்கில் ஹாப்ஸ் தோட்டங்கள் இருக்கின்றன. இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே கம்பி கட்டி, கொடியை ஏற்றிவிட்டிருப்பார்கள். அமெரிக்கக் கிராஃப்ட் பியரின் முகத்தையே மாற்றிய கேஸ்கேட் என்ற ரகம் 1970-களின் தொடக்கத்தில் வெளியானது. அதை உருவாக்கியது அதே பள்ளத்தாக்கில் கார்வாலிஸ் ஊரில் நடந்த ஆராய்ச்சி. ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை அறுவடை. அந்தச் சில வாரங்களில் மட்டும், உலர்த்தாத பச்சை ஹாப்ஸைப் போட்டுப் பியர் காய்ச்சுகிறார்கள். பறித்த பூ ஒரு நாள் தாங்காது. எனவே விடியற்காலையில் லாரியோடு தோட்டத்துக்குப் போய், பூவை ஏற்றிக்கொண்டு, நகரத்தில் கொதிகலன் தயாராக இருக்கும்போதே வந்து சேர வேண்டும். ஒரு பூவை விரலால் கசக்கினால் மஞ்சள் பொடி ஒட்டும், நாரத்தைத் தோலும் பைன் மரப் பிசினும் கலந்த வாசனை வரும். அந்தப் பியரில் அந்தப் பச்சை வாசனை அப்படியே இருக்கும், ஒரு மாதம் போனால் மங்கிவிடும். வயலோடு இத்தனை நெருக்கமாகக் கட்டுண்ட பானத்தை உள்ளூர்ப் பானம் என்று தயங்காமல் சொல்லலாம்.

சட்டமும் கைகொடுத்தது. 1985 வரை ஆரிகனில் பியரைக் காய்ச்சிய இடத்திலேயே ஊற்றி விற்க முடியாமல் இருந்தது. பியர் தொழிலில் இருந்த விட்மர் சகோதரர்களும் மெக்மெனமின் சகோதரர்களும் திராட்சை மது தயாரித்த போன்சி குடும்பமும் மாநில சட்டமன்றத்தை விடாமல் வற்புறுத்தி அதை மாற்றினார்கள். விட்மர்களிடம் இருந்தவை இரண்டே நொதிகலன்கள். மூன்றாவதாக ஒரு வகை வேண்டுமென்று ஒரு பப்காரர் கேட்டபோது, இருந்த கோதுமை பியரை வடிகட்டாமல் கலங்கலாகவே கொடுத்துவிட்டார்கள். 1986-இல் வந்த அந்தக் கலங்கல் பியர் போர்ட்லண்டின் அடையாளமாகிவிட்டது. சட்டம் மாறிய பிறகு முடிவெட்டும் கடை அளவு இடத்தில்கூடப் பியர் காய்ச்ச ஆரம்பித்தார்கள். தெருவுக்கு ஒன்று என்று பெருகியது இப்படித்தான்.

பெங்களூரின் பியர் வரலாறு கண்டோன்மென்ட்டில் தொடங்குகிறது. வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காகப் பீப்பாய் பீப்பாயாகக் காய்ச்சினார்கள். தென்னிந்தியாவில் சிதறிக் கிடந்த ஆலைகளைச் சேர்த்து 1915-இல் யுனைடெட் புரூவரீஸ் உருவானது. 1980-களில் ‘பப் நகரம்’ என்ற பெயர் வந்தது. 2010 வாக்கில் மாநில அரசு சிறு பியர் ஆலைகளான மைக்ரோபுரூவரிகளுக்கு வழி திறந்தது. இந்திராநகரில் டாய்ட் என்ற பியர் கூடம் 2010-இல் வந்தது. 2012-இல் வந்த ஆர்பர் தன் பெயரையே மிச்சிகனின் ஆன் ஆர்பர் நகரிலிருந்து கொண்டுவந்தது. இங்கே காய்ச்சப்படும் பியர்களில் சில மிக நல்லவை, உலகில் எங்கே ஊற்றினாலும் தலைநிமிர்ந்து நிற்கும். ஆனால் பார்லி ராஜஸ்தான், ஹரியானா பக்கத்திலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வருகிறது. ஹாப்ஸ் ஜெர்மனியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும், அதே கேஸ்கேட் உட்பட, உறையில் அடைத்த உருண்டைகளாகக் கப்பலேறி வருகிறது. அரிசி சேர்த்துக் காய்ச்சும் டாய்ட்டின் பிரபலமான பியரின் பெயரிலேயே பாஸ்மதி இருக்கிறது, அந்த அரிசியும் வடக்கே விளைவதுதான். கைத்திறன் உள்ளூருடையது, விளைச்சல் வெளியூருடையது.

விலையும் இதைச் சொல்லும். போர்ட்லண்டில் ஒரு கோப்பை பியர், ஓர் உணவு வண்டிச் சாப்பாட்டைவிட மலிவு. பெங்களூரில் ஒரு கோப்பை விலைக்கு நான்கு மசால் தோசை வாங்கலாம். அதனால் அங்கே பியர் தினப்படி வழக்கம், இங்கே சனிக்கிழமை இரவு.

தட்டுக்கு வந்தால் தராசு மறுபக்கம் சாய்கிறது. இங்கேதான் பெங்களூர் தன் வேரைக் காட்டுகிறது. காந்தி பஜாரில் 1943 முதல் இருக்கும் வித்யார்த்தி பவனில் காலையில் இடம் கிடைத்து உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் இடக்கையில் முழங்கை தாண்டித் தோள்வரை தட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவார், ஒன்றும் நழுவாது. தோசை வெளியே கருஞ்சிவப்பாக முறுகி, உள்ளே பஞ்சாக இருக்கும். நெய் விரலில் நிற்கும். சட்னியைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றுவார்கள், பலருக்கு அது ஏமாற்றம். அந்தத் தோசைக்கு அதுதான் சரி என்பது என் கட்சி. 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம், இரண்டாம் உலகப் போரில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையில் இட்லி செய்தது. பஞ்சத்தில் பிறந்த அந்தப் பண்டம் இன்று எல்லா ஊர்களிலும் இருக்கிறது.

தோசையைவிடவும் ஆழமான சாட்சி மொச்சை. டிசம்பர், ஜனவரியில் பனியும் மொச்சையும் சேர்ந்தே வரும். ஊரைச் சுற்றியுள்ள புன்செய்க் காடுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். காயின் மேலேயே ஒரு பிசுபிசுப்பு இருக்கும், கையில் ஒட்டினால் வாசனை அரைநாள் போகாது. அந்தப் பிசுபிசுப்பு இல்லாத காயை வாங்கமாட்டார்கள். பருப்பை ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் நீக்கிச் சாறு வைப்பார்கள். அந்தச் சாறும் ஒரு ராகிக் களியுருண்டையும் இருந்தால் வேறெதுவும் வேண்டாம். மொச்சைக்கு என்றே மேளா நடக்கும், மொச்சை போட்ட தோசை, வடை, ஜிலேபி வரை. போர்ட்லண்டின் பச்சை ஹாப்ஸ் பியருக்கு நேரான பொருள் பெங்களூரில் இதுதான்: சில வாரங்கள் மட்டும், பக்கத்து மண்ணிலிருந்து, அந்த மண்ணின் வாசனையோடு.

இறைச்சி சமைக்கும் மிலிட்டரி ஹோட்டல்களையும் விட முடியாது. ஞாயிற்றுக்கிழமை நெடுந்தூரம் ஓடியவர்கள் காலையிலேயே அங்கே போய்க் கால் சூப்பும் தொன்னை பிரியாணியும் சாப்பிடுகிறார்கள். அந்தப் பிரியாணிக்கு அரிசி சீரகச் சம்பா, தமிழ்நாட்டிலிருந்து வருவது. உள்ளூர் என்பதற்கு எல்லைக்கோடு போடுவது அவ்வளவு எளிதல்ல.

போர்ட்லண்டின் சாப்பாடு வேறு விதத்தில் நல்லது. காலி இடங்களில் கூட்டமாக நிற்கும் உணவு வண்டிகளில் தாய்லாந்து, மெக்சிகோ, ஜார்ஜியா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். 2009-இல் ஒரே ஒரு பண்டத்தோடு, கோழியும் சோறும், வண்டி போட்ட நோங் பூன்சுக்வட்டனா பின்னர் ஊரறிந்த உணவகக்காரர் ஆனார். சால்மன் மீனும் ஹேசல் பருப்பும் மேரியன்பெர்ரியும் அந்த மண்ணுடையவை. ஆனாலும் அந்த வண்டிகளின் சமையல் புலம்பெயர்ந்தவர்கள் கொண்டுவந்தது.

ஓட்டம் என்று வரும்போது எனக்குப் போர்ட்லண்டின் மேல் பொறாமையே உண்டு. நகர எல்லைக்குள்ளேயே 5,200 ஏக்கருக்கு ஃபாரஸ்ட் பார்க் இருக்கிறது. அதன் ஊடே போகும் வைல்ட்வுட் என்ற ஒற்றையடிப்பாதை 48 கி.மீ. நீளம். ஆற்றங்கரையில் வாகனங்கள் பறந்த நெடுஞ்சாலையை 1974-இல் மூடிவிட்டுப் பூங்கா போட்டார்கள். இன்று அங்கேதான் ஊரே ஓடுகிறது. சாலையை அகலமாக்க மரத்தை வெட்டுவதையே பார்த்துப் பழகிய பெங்களூர்வாசிக்கு அந்தச் செய்தி நம்பமுடியாதது. 1982 முதல் ஹூட் மலையிலிருந்து கடற்கரை வரை ஏறத்தாழ 320 கி.மீ. தொடரோட்டம் நடக்கிறது. ஒரு குழுவில் 12 பேர் வரை, இரவெல்லாம் மாறி மாறி ஓடுவார்கள்.

பெங்களூரில் ஓட்டம் விடியலோடு முடிந்துவிட வேண்டும். ஏழு மணிக்குப் பிறகு புகை, உடைந்த நடைபாதைக் கல், வண்டிகள். இருட்டில் கிளம்பினால் தெருநாய்கள். தனியாக ஓடும் பெண்களுக்கு அந்த நேரம் இன்னும் சங்கடம். ஆனால் கப்பன் பார்க்கில் விடியற்காலையில் வண்டிகளுக்கு வழி அடைத்துவிடுகிறார்கள். மூங்கில் புதர்களுக்கு நடுவே ஐந்து மணிக்கே காலடிச் சத்தம் கேட்கும். லால்பாக்கில் சுமார் 300 கோடி ஆண்டு வயதுள்ள பாறையின் மேல் ஏறி இறங்கலாம். அல்சூர் ஏரியின் ஒரு பக்கம் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் முகாம், மறுபக்கம் கண்டோன்மென்ட் தமிழர்களின் பழைய தெருக்கள். 2008 முதல் நடக்கும் டி.சி.எஸ். 10 கி.மீ. ஓட்டத்துக்கு உலகத்தரமான வீரர்கள் வருகிறார்கள். காலை ஓட்டத்தோடு பியர் ஒட்டாது, தோசைதான் ஒட்டும். உடம்புக்கும் அதுவே நல்லது. ஓடி முடித்ததும் முதலில் தண்ணீர், உப்பு, சோறு, அதற்குப் பிறகுதான் கோப்பை என்று இரண்டு ஊர்ப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள்.

பெங்களூரின் கோப்பையில் அந்த ஊர் மண்ணை ஏற்ற முடியாதா? முடியும், அதற்கு ராகி இருக்கிறது. மாம்பழமும் காபியும் வெல்லமும் சேர்த்த பியர்கள் வந்தாகிவிட்டன, ஆனால் அவை மேலே தூவும் மணம்தான். உகாண்டாவின் கிழக்கில் முளைகட்டிய கேழ்வரகிலிருந்தே அஜோன் என்ற பியர் செய்து நீண்ட குழல் வைத்துக் குடிக்கிறார்கள். கிழக்கு இமயத்தில் தோங்பாவும் கேழ்வரகுதான். முளைகட்டுவது நமக்கும் புதிதல்ல, குழந்தைக்கு ராகிக் கஞ்சி வைக்கும் எல்லா வீட்டிலும் செய்வதே. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ராகியின் மாவுச்சத்து பார்லியைவிட அதிகச் சூட்டில்தான் இளகும், தனியாகக் கொதிக்கவைத்துச் சேர்க்க வேண்டும். பார்லி உமி தானே சல்லடையாகப் படிந்து சாற்றை வடியவிடும், ராகிக்கு அப்படி உமி இல்லை, கலனில் கூழாகி அடைத்துக்கொள்ளும். நெல் உமியைக் கலந்து இதைச் சமாளிக்கலாம். ஒரே தரத்தில், ஒரே ஈரப்பதத்தில் ராகியை முளைகட்டி உலர்த்தி டன் கணக்கில் தருகிற ஆலை ஒன்று மாண்டியா, ராமநகரம் பக்கம் எழுந்தால் மீதியை இந்த ஊர்க் கைகள் பார்த்துக்கொள்ளும். ராகி மழையை மட்டும் நம்பியே விளையக்கூடிய பயிர். அப்படி ஒரு பியர் வரும் மாதம் ஜனவரியாக இருந்தால், பிதுக்கிய மொச்சையைப் பொரித்து உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுப் பக்கத்தில் வைக்கட்டும்.