மலையேறிய மஸ்தான்

கன்னிவாடி என்றதும் சரித்திரப் பிரியர்களுக்குப் பாளையப்பட்டும், 1755இல் திண்டுக்கல்லுக்கு வந்த ஹைதர் அலியும் நினைவுக்கு வரலாம். இந்த வாரம் வாளை உறையில் போடுவோம். ஊருக்குப் பின்னே எழும் பழனி மலைத்தொடர் சித்தர் கதைகளின் நாடு. போகரைச் சொல்லாமல் பழனியைச் சொல்ல முடியாது. பதினெண்சித்தருள் ஒருவரான ராமதேவர் மக்கா போய் யாகோபு ஆனார் என்றும் ஒரு கதை உண்டு. அதற்குச் சான்று கேட்பது வீண்.

சான்றோடு நிற்பவர் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு. இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்தவர். கல்யாணப் பேச்சு எழுந்ததும் வீட்டைவிட்டுக் கிளம்பினார். சதுரகிரி, நாகமலை, யானைமலை என்று மலைமலையாகத் தனித்திருந்து தவம் செய்தார் என்பார்கள். கடைசியில் சென்னை ராயபுரத்தில் தங்கி, 1838இல் அங்கேயே மறைந்தார்.

அவர் பாடியவற்றில் அகத்தீசர் சதகமும் நந்தீசர் சதகமும் உண்டு. அந்தச் சித்தர் பெயர்களைப் பார்த்துவிட்டு, ‘மார்க்கத்தை விட்டு விலகிவிட்டார்’ என்று முடிவு கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அது அவசரத் தீர்ப்பாகவே படுகிறது. அவர் மல்லுக்கு நின்றது நப்ஸோடு, அதாவது தன் மனத்தோடு. அந்த நப்ஸின் மூன்று நிலைகளையும் குர்ஆனிலேயே காணலாம். யூசுப் நபியின் வரலாற்றைச் சொல்லும் 12ஆம் அத்தியாயத்தில் அது தீமைக்குத் தூண்டும் மனம். 75இல் தன்னையே கடிந்துகொள்ளும் மனம். 89இல் இறைவனைப் பொருந்தி அமைதியடைந்து, அவனிடமே திரும்பும்படி அழைக்கப்படும் மனம். முதல் நிலையிலிருந்து மூன்றாவதற்கு ஏறுவதுதான் சூஃபிகளின் பயணம். தவ்பா (பிழைக்கு வருந்தித் திரும்புதல்), சபுரு (பொறுமை), தவக்குல் (இறைவனிடம் பொறுப்பை ஒப்படைத்தல்) எல்லாம் வழியில் வரும் படிகள், திக்ரு (இறைவனை நினைவுகூர்தல்) நடைக்கோல். இறைவன் பிடரி நரம்பைவிட நெருக்கமானவன் என்கிறது 50ஆம் அத்தியாயம். அப்படியானால் அவனைத் தேட மலை எதற்கு என்று கேட்கலாம். மலை அவனுக்காக அல்ல. நப்ஸின் இரைச்சல் அடங்குவதற்காக. முஹம்மது நபியும் ஹிரா குகையில் தனித்திருந்தவர்தானே.

மஸ்தானின் பெருமையை முதலில் உரக்கச் சொன்னவர்களில் வீரசைவப் புலவர் ஒருவரும் இருக்கிறார். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலையே பாடினார். அந்தக் காலத்துப் புலவர்களுக்கு அதில் விசித்திரம் எதுவும் தெரியவில்லை, தெரிவதெல்லாம் நமக்குத்தான்.

மஸ்தானுக்கும் முன்னோடி ஒருவர் உண்டு: தென்காசியில் பிறந்து தக்கலையில் அடங்கிய பீர் முகம்மது அப்பா. அவருடைய ஞானப்புகழ்ச்சியைத் தக்கலையில் ஆண்டுதோறும் கூடியிருந்து பாடுகிறார்கள். அடுத்த வாரம் அங்கே போவோம்.

(தொடரும்)