இந்த இரைச்சல் எங்கயிருந்து வருது?

தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவில றேடியோ கேட்ட கதை தெரியாத வீடுகள் குறைவு. செய்தியைவிட இரைச்சல்தான் கூடக் கேட்டதெண்டு அம்மா சொல்லுவா. அந்த இரைச்சல் எங்கயிருந்து வருகுதெண்டு எங்கட வீட்டில ஒருத்தரும் யோசிச்சதில்லை. செய்தி கேட்டால் சரி.

1928இல் அமெரிக்காவில் ஒருவருக்கு அந்தக் கேள்வியையே வேலையாகக் கொடுத்தார்கள். பெயர் கார்ல் ஜான்ஸ்கி. பௌதிகவியல் பட்டதாரி, வயது 22, கிட்டத்தட்ட எங்கட வயசு. வேலை நியூ ஜெர்சியில், பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தில். நியூயோர்க்கிலிருந்து லண்டனுக்கு வானொலி அலை வழியாகப் பேசும் சேவை அதற்கு முதல் வருசம்தான் தொடங்கியிருந்தது. மூன்று நிமிடத்துக்கு 75 டொலர். அவ்வளவு காசு கட்டிப் பேசுறவனுக்குக் காதில் இரைச்சல் கேட்டால் சும்மா இருப்பானா? ஆகவே, இரைச்சல் எங்கிருந்து வருகிறதென்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள்.

ஜான்ஸ்கி கட்டிய அன்ரனா ஏறத்தாழ 30 மீற்றர் நீளம். பழைய போர்ட் மொடல் ரி காரின் நாலு சில்லுகளில் பூட்டி, 20 நிமிடத்துக்கு ஒருக்கால் முழுதாகச் சுற்றும்படி செய்தார். கூட வேலை செய்தவர்கள் அதைக் குடைராட்டினம் என்று பகிடி பண்ணினார்கள். வாங்கி 20.5 மெகா ஹேர்ட்ஸில் கேட்டது. ஒரு பேனை இரைச்சலின் அளவைக் கடதாசியில் கீறிக்கொண்டேயிருந்தது.

இண்டைக்கும் இதே முறைதான். மலையுச்சியில் நின்று பலவீனமான குரல்களை வாங்கித் திருப்பி அனுப்பும் அமெச்சூர் றேடியோ ரிப்பீற்றர் ஒன்றில் இரைச்சல் ஏறினால், அதைப் பார்க்கிறவர் கேட்கிற கேள்விகள் மூண்டு: எங்கட கருவியே இதைப் போடுதா? எந்தத் திசையிலிருந்து வருது? எந்த நேரத்தில் கூடுது?

ஜான்ஸ்கியின் கடதாசிகளில் மூன்று வகை இரைச்சல் தெரிந்தது. கிட்ட இடிக்கும் மின்னல், தூரத்து மின்னல், பிறகு மெல்லிசாக, விடாமல் கேட்ட 'உஸ்ஸ்' ஒன்று. மூன்றாவதுக்குக் காரணம் தெரியவில்லை. 1931 முடிவில் பார்த்தபோது அது சூரியன் இருக்கும் பக்கமாக வந்தது. சூரியன்தான் என்று எழுதி முடித்திருக்கலாம். ஆனால் மாதங்கள் போகப்போக அது சூரியனை விட்டு விலகியது. நாளுக்கு நாலு நிமிடம் முந்தி வந்தது. 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை வருவது சூரியன். 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை வருவது நட்சத்திரங்கள். இதை அறிய அவர் வானியலைப் புதிதாகப் படிக்கவேண்டியிருந்தது. திசை, பால்வீதியின் மையம் இருக்கும் தனு ராசிப் பக்கம். மார்கழியில் சூரியன் தனுவில் நிற்கும் என்பது பஞ்சாங்கம் பார்க்கிற எங்கட ஆக்களுக்குத் தெரிந்ததுதானே. முதலில் சூரியன் என்று ஏமாந்ததும் அதனால்தான்.

1933 மே 5ஆம் திகதி நியூயோர்க் டைம்ஸின் முன்பக்கத்தில் செய்தி வந்தது. பிறகு? பெரிசாக ஒண்டும் இல்லை. இரைச்சல் வானத்திலிருந்து வருகுதெண்டால் தொலைபேசிக் கொம்பனியால் அதை நிப்பாட்ட ஏலாது. ஜான்ஸ்கி வேறு வேலைக்கு மாற்றப்பட்டார்.

இந்த இடத்தில் சாட்சிகள் முரண்படுகின்றன. அவருடைய மேலதிகாரி ஹரால்ட் ஃப்ரீஸ் 1965இல் எழுதினார், தொடர்ந்து ஆராய வேண்டுமென்று ஜான்ஸ்கி தன்னிடம் கேட்டதேயில்லை என்று. ஆனால் 1934இல் ஜான்ஸ்கி பெற்றோருக்கு எழுதிய கடிதத்தில், அந்த அலைகளைத் தான் இப்போது பார்ப்பதில்லை, ஃப்ரீஸ் வேறு வேலை தந்துவிட்டார் என்ற மனக்குறை தெரிகிறது. ஒன்று 30 வருசம் கழித்த ஞாபகம், மற்றது அப்போதே வீட்டுக்கு எழுதியது. நான் கடிதத்தின் பக்கம். மனசில உள்ளதை எல்லாரும் மேலதிகாரியிடமா சொல்லுவினம்?

வானியலாளர்களும் கிட்டத்தட்டக் கண்டுகொள்ளவில்லை. பிடித்துக்கொண்டவர் ஒரு அமெச்சூர் றேடியோக்காரர். இலினோய் மாநிலத்தின் வீற்றனில் இருந்த குரோட் றீபர், பதின்ம வயதிலேயே லைசன்ஸ் எடுத்தவர். 1937இல் சொந்தக் காசில் வீட்டு வளவுக்குள் 9 மீற்றருக்கு மேல் அகலமான கிண்ண அன்ரனா ஒன்றைக் கட்டினார். முதலில் 3300 மெகா ஹேர்ட்ஸ், ஒன்றுமில்லை. பிறகு 900 அளவில், அதிலும் இல்லை. கடைசியில் 160இல் கேட்டது. அங்கேயும் பழைய தொல்லைதான்: ரோட்டில் போகும் ஒவ்வொரு காரின் பொறியும் அவருடைய கடதாசியில் கூராக எழும்பியது. அதனால் பகலில் தொழிற்சாலை வேலை, கார்கள் ஓய்ந்த நடுச்சாமத்தில் வானம். 1944இல் அந்த இரைச்சலை வைத்தே பால்வீதிக்கு வரைபடம் வெளியிட்டார்.

ஜான்ஸ்கி 1950இல், 44 வயதில் சிறுநீரக நோயோடு இறந்துபோனார். விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளின் வலுவை அளக்கும் அலகுக்கு 1973இல் அவருடைய பெயரை வைத்தார்கள்.