எட்டோஷாவின் நான்கு வாசல்கள்

பி.காம். படிக்கிறவனுக்கு ஆப்பிரிக்கக் காட்டில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். டிக்கெட் எடுக்கக் காசு இல்லாதவன்தான் விலாவாரியாகப் பயணத் திட்டம் போடுவான். அப்படி நான் காகிதத்தில் போட்ட திட்டம் இது. இடம் நமீபியா நாட்டின் வடக்கே இருக்கும் எட்டோஷா தேசியப் பூங்கா. எந்த வழியாக உள்ளே போவது என்று மேப்பைப் பார்த்தபோது, பூங்காவின் வாசல்களுக்கு வைத்திருக்கும் பெயர்களே ஒரு வரலாற்றுப் பாடமாக இருந்தன. அதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். பூங்காவின் பரப்பு 22,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதன் நடுவே ஏறத்தாழ 4,800 சதுர கிலோமீட்டருக்கு ஒரு வெள்ளை உப்புப் படுகை. நீளம் 130 கிலோமீட்டர் இருக்கும். ஒரு காலத்தில் இது ஏரி. குனேனே ஆறு இதில் வந்து விழுந்துகொண்டிருந்தது. பின்னர் நிலம் அசைந்து ஆறு திசை மாறி அட்லாண்டிக் கடலுக்குப் போய்விட, ஏரி வற்றி உப்பும் களிமண்ணும் மிஞ்சின. நல்ல மழை பெய்த வருடங்களில் மட்டும் மெல்லிய நீர்ப்பரப்பு தேங்கும், பூநாரைகள் கூட்டமாக வந்து இறங்கும். எட்டோஷா என்றால் ஒண்டோங்கா மொழியில் 'பெரிய வெள்ளை இடம்' என்று பொருள் சொல்கிறார்கள். அங்கேயே வாழ்ந்த ஹாய்ஒம் மக்களிடம் வேறு கதை உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் அழுது அழுது ஏரி உண்டானதாம். அது காய்ந்தபோது கண்ணீரின் உப்பு மட்டும் தங்கிவிட்டதாம்.

போவதற்கு ஏற்ற காலம் மே முதல் அக்டோபர் வரை. மழை இல்லாத மாதங்கள் என்பதால் மிருகங்கள் வேறு வழியின்றி தண்ணீர்க் குட்டைகளுக்கு வரும். நாம் காரை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். யானை, சிங்கம், வரிக்குதிரை, கறுப்புக் காண்டாமிருகம் எல்லாம் நம்மைத் தேடி வரும் (நம்மை அல்ல, தண்ணீரை!). தங்கும் முகாம்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. சூரியன் மறைவதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். மலேரியா உள்ள பகுதி, டாக்டரைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது.

சரி, இப்போது வாசல்களுக்கு வருவோம்.

தலைநகர் விண்ட்ஹூக்கிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் தெற்கே உள்ள ஆண்டர்சன் வாசல் வழியாக நுழைவார்கள். தென்மேற்கே இருப்பது கால்டன் வாசல். இரண்டு பெயர்களும் ஒரே பயணத்திலிருந்து வந்தவை. 1851-ல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயரும் சார்லஸ் ஜான் ஆண்டர்சன் என்ற சுவீடன்காரரும் இந்த உப்புப் படுகையின் பக்கம் வந்தார்கள். இதைப் பார்த்து எழுதி வைத்த முதல் ஐரோப்பியர்கள் இவர்கள்தான். 'கண்டுபிடித்தார்கள்' என்று சில பயணக் கையேடுகள் எழுதும். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்ததே ஒவாம்போ வியாபாரிகளின் கூட்டத்தோடு சேர்ந்துதான்! அந்த வியாபாரிகள் இரும்புச் சாமான்களைத் தெற்கே கொண்டுபோய்க் கொடுத்து மாடுகளை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். உப்பும் செம்பும்கூட இந்தப் பகுதியில் கைமாறின. வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இது புரியும். சந்தையும் வழித்தடமும் அங்கே முன்பே இருந்தன. கால்டன் அந்த வழியில் நடந்து போன ஒரு விருந்தாளி. இதே கால்டன்தான் பின்னாளில், 1883-ல், மனிதர்களை உயர்ந்த பிறவி, தாழ்ந்த பிறவி என்று தரம் பிரித்து வளர்க்கச் சொல்லும் 'யூஜெனிக்ஸ்' என்ற கொள்கைக்குப் பெயர் சூட்டியவர்.

கிழக்கே இருப்பது வான் லிண்டெக்விஸ்ட் வாசல். இந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் கதை கொஞ்சம் கனமானது. 1880-களில் இந்த நாடு ஜெர்மனியின் கைக்குப் போனது. 1897-ல் வெக்கை நோய் பரவி மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நோய் தெற்கே வராமல் தடுக்க ஜெர்மானியர்கள் காவல் சாவடிகள் போட்டார்கள். இன்று நாம் அறை எடுத்துத் தங்கும் ஒகாகுயேயோ, நமுடோனி இரண்டும் அப்படித் தொடங்கிய இடங்களே.

1904-ல் ஹெரேரோ மக்கள் ஜெர்மன் ஆட்சியை எதிர்த்து எழுந்தார்கள். ஜெர்மன் படை அவர்களைப் பாலைவனத்துக்குள் விரட்டி, தண்ணீர் கிடைக்காமல் சாகவிட்டது. தப்பியவர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். நாமா மக்களுக்கும் அதே கதி. இதை இனப்படுகொலை என்று ஜெர்மனி அரசு ஒப்புக்கொள்ள 2021 வரை ஆனது. 1905-ன் கடைசியில் ஆளுநராகப் பொறுப்பேற்றவர் ஃபிரெடரிக் வான் லிண்டெக்விஸ்ட். அவர் காலத்தில்தான் ஹெரேரோக்களின் நிலமும் கால்நடைகளும் பறிமுதல் செய்யப்பட்டன. அதே ஆளுநர்தான் 1907 மார்ச் 22 அன்று எட்டோஷாவை வனவிலங்குக் காப்பகமாக அறிவித்தார். ஒரு பக்கம் மனிதர்களின் மாடு பறிமுதல், மறுபக்கம் மான்களுக்குப் பாதுகாப்பு.

நியாயமாகச் சொன்னால் பாதுகாப்பு தேவைப்பட்டது உண்மைதான். தந்தத்துக்காகவும் தோலுக்காகவும் துப்பாக்கிக்காரர்கள் சுட்டுத் தள்ளியதில் அந்தப் பக்கம் யானைகளே இல்லாமல் போயிருந்தன. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால் இன்று பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது என்று வாதிடலாம். நல்ல காரியத்தைச் செய்தவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அவ்வளவுதான்.

வடக்கே இருக்கும் நான்காவது வாசல் நாடு விடுதலை அடைந்த பிறகு, 2003-ல் திறக்கப்பட்டது. பெயர் மன்னர் நெஹாலே லியா ம்பிங்கானா வாசல். 1904 ஜனவரி 28 அன்று ஒண்டோங்கா மன்னர் நெஹாலேயின் வீரர்கள் சுமார் 500 பேர் நமுடோனி கோட்டையைத் தாக்கினார்கள். உள்ளே இருந்த ஜெர்மானியர்கள் ஏழே பேர். பகல் முழுக்கச் சண்டை. இரவோடு இரவாக அந்த ஏழு பேரும் நழுவிவிட, கோட்டை கொளுத்தப்பட்டது. பிறகு ஜெர்மானியர்கள் அதைப் புதிதாகக் கட்டினார்கள். இன்று படங்களில் பார்க்கும் வெள்ளைக் கோட்டை அதுதான். அந்த ஏழு பேரின் நினைவுப் பலகை அங்கே நீண்ட காலம் இருந்துவந்தது. அவர்களை எதிர்த்து வந்த மன்னரின் பெயர் பூங்காவில் ஏற கிட்டத்தட்ட நூறு வருடம் ஆயிற்று.

ஆக நான்கு வாசல்கள். இரண்டு பயணிகள், ஒரு ஆளுநர், ஒரு மன்னர். அங்கேயே குடியிருந்த ஹாய்ஒம் மக்களின் பெயரில் எதுவும் இல்லை.

ஹாய்ஒம் என்பவர்கள் சான் இனத்தைச் சேர்ந்த வேட்டையாடிகள். படுகையைச் சுற்றியுள்ள ஊற்றுகளின் ஓரமாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். 1907-ல் காப்பகம் அறிவித்தபோது அவர்களை யாரும் வெளியேற்றவில்லை. வில் அம்பு வைத்து வேட்டையாடவும் விட்டுவைத்தார்கள். காரணம் கருணை என்று நினைத்துவிட வேண்டாம். காட்டு மிருகங்களோடு அவர்களையும் காட்டின் ஒரு பகுதியாகவே அரசு எண்ணியது. 1915-ல் தென்னாப்பிரிக்கா நாட்டைப் பிடித்த பிறகும் அதே நிலைதான்.

1954-ல் கதை மாறியது. அந்த வருடத் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்க அதிகாரிகள் வந்து, பூங்காவில் வேலை பார்ப்பவர்களைத் தவிர மற்ற எல்லோரும் கிளம்ப வேண்டும் என்றார்கள். வடக்கே ஒவாம்போ பகுதிக்குப் போகலாம், இல்லையென்றால் தெற்கே வெள்ளையர் பண்ணைகளில் கூலி வேலை பார்க்கலாம். நூற்றுக்கணக்கானவர்கள் மூட்டை கட்டினார்கள். நஷ்டஈடு கிடையாது. கொஞ்ச காலத்திலேயே நமுடோனி கோட்டை சுற்றுலாப் பயணிகள் தங்கும் விடுதியாகத் திறக்கப்பட்டது. 1967-ல் எட்டோஷா தேசியப் பூங்கா ஆனது. 1970-ல் நிறவெறி அரசு இனத்துக்கு ஒரு நிலம் என்று பிரித்தபோது பூங்காவின் பெரும்பகுதியை வெட்டிக்கொடுத்து இன்றைய அளவுக்குச் சுருக்கியது. அப்போதும் ஹாய்ஒம் மக்களுக்கென்று ஒரு துண்டு நிலம் ஒதுக்கவில்லை. 1973-க்குள் பூங்காவைச் சுற்றி வேலி வந்துவிட்டது.

1990 மார்ச் 21-ல் நமீபியா விடுதலை பெற்றது. அரசு பூங்காவின் தெற்கு எல்லையை ஒட்டிய சில பண்ணைகளை வாங்கி ஹாய்ஒம் குடும்பங்களைக் குடியமர்த்தியது. ஆனால் பூங்காவே தங்கள் மூதாதையர் நிலம் என்று சொல்லி 2015-ல் சிலர் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் 2019-ல் அதைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2022-ல் அதையே உறுதி செய்தது. இரண்டு நீதிமன்றங்களும் பார்த்தது, முழு சமூகத்தின் சார்பாக வழக்குத் தொடுக்க அவர்களுக்குத் தகுதி உண்டா என்பதை. வணிகச் சட்டப் பாடத்தில் இதைப் படிக்கிறோம், வழக்காடும் உரிமை என்று. அந்த முதல் படியிலேயே வழக்கு நின்றுபோனதால், நிலம் யாருடையது என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவே இல்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் எட்டோஷாவுக்குப் போகலாமா? போகலாம் என்றுதான் நினைக்கிறேன். நுழைவுக் கட்டணமும் விடுதி வாடகையும் இல்லாவிட்டால் காண்டாமிருகங்களுக்குக் காவலும் இருக்காது. 2025 செப்டம்பர் கடைசியில் மூண்ட தீயில் பூங்காவின் மூன்றில் ஒரு பங்கு எரிந்தபோது அணைக்க ராணுவமே வர வேண்டியிருந்தது. காடு காப்பது செலவு பிடிக்கும் வேலை. அந்த வரவில் ஹாய்ஒம் மக்களுக்கு எவ்வளவு போக வேண்டும் என்பதுதான் இன்னும் எழுதப்படாத கணக்கு.

என் திட்டத்தை நான் இப்படி மாற்றியிருக்கிறேன். ஆண்டர்சன் வாசலில் நுழைந்து ஒகாகுயேயோவில் இரண்டு இரவு. அங்கே குட்டைக்கு விளக்குப் போட்டிருக்கிறார்கள், ராத்திரியில் காண்டாமிருகம் வரும். பிறகு கிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் போய் ஹலாலியில் ஒரு இரவு. ஹலாலி என்பது வேட்டை முடிந்ததை அறிவிக்கும் ஜெர்மன் ஊதுகொம்பின் ஓசை. அங்கிருந்து நமுடோனி கோட்டை, கடைசியில் நெஹாலே வாசல் வழியாக வெளியே. எந்த முகாமிலாவது ஹாய்ஒம் வழிகாட்டி கிடைத்தால் அவரோடு ஒரு நாள் கூடுதலாகத் தங்க வேண்டும். ஊற்றுகளுக்கு அவர்கள் வைத்த பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.