தோலும் கதிரும்

அறிவியலைப் பல துறைகளாகப் பகுத்துக் கற்பது பாடசாலை நேரசூசிக்கு வேண்டியதோர் ஒழுங்காகும். பௌதிகவியலுக்கு ஒரு பாடவேளை, இரசாயனவியலுக்கு ஒரு பாடவேளை, உயிரியலுக்கு ஒரு பாடவேளை என வகுத்துக் கொள்ளாவிடின் ஆசிரியரும் மாணவரும் ஒருங்கே இடர்ப்படுவர். ஆயின், ஆராயப்படும் பொருள் இப்பகுப்பை அறிவதில்லை. மாட்டுத்தோல் ஒன்றை எடுத்துக் கொள்வோம். பதனிடுவோனுக்கு அது தொழிலின் மூலப்பொருள். அதையே காய்ச்சி வடித்தால் தச்சனுக்கு வேண்டிய வச்சிரப்பசையாகும். மருத்துவன் காண்பதோ உடலைப் போர்த்து நிற்கும் ஓர் உறுப்பை. இம்மூவர் கையிலும் அகப்படுவது பெரும்பாலும் ஒரே பொருள்தான். கொலாசன் என்னும் புரதம் அது. பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே அதற்கு இப்பெயர் வந்தது. தோலிலும் எலும்பிலும் தசைநாணிலும் வலிமை தருவது இதுவே.

இக் கொலாசனின் உள்ளமைப்பை அடிப்படையிற் சரியாக முதலிற் கண்டுரைத்தவர்கள் மருத்துவரும் அல்லர், தோற்றொழில் வல்லுநரும் அல்லர். சென்னைச் சர்வகலாசாலையின் பௌதிகவியற் பகுதியைச் சேர்ந்த இருவர். அவர்களுடைய முடிபிற் பிழையும் ஒன்று இருந்தது. அப்பிழையைப் பிறர் எடுத்துக் காட்டியதிலிருந்து விளைந்தது கொலாசனைக் காட்டிலும் பெரியதொரு பயன். அவ்வரலாற்றையே இங்கு கூறப்புகுகின்றோம்.

தென்னிந்தியாவிலே தோல் பதனிடுதல் பழைய தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் கடல் கடந்தும் விலைபோயிற்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இத்தொழிலின் பழைய சரக்குகள். கடுக்காயைச் சித்தமருத்துவனும் பேணி வைத்திருப்பான். அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் கொலாசன் இழைகளுக்கிடையே புகுந்து அவற்றை ஒன்றோடொன்று பிணிக்கின்றது. அதனால் தோல் அழுகாது நிலைக்கின்றது. பதனிடாத ஈரத்தோல் ஏறக்குறைய 65 பாகை சதமவளவையிற் சுருங்கிப்போகும். குரோமிய உப்பினால் நன்கு பதனிட்டதோ கொதிநீரையும் தாங்கும். இவற்றையெல்லாம் கையறிவால் அறிந்திருந்தோரை நமது சமுதாயம் ஊர்ப்புறத்தே நிறுத்தி வைத்தது. அவர்கள் அறிவு நம் ஏடுகளில் ஏறாமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் சென்னையிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவியபோது, தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட பொருள் ஆய்வுகூடத்து மேசைமேல் ஏறியது. அந்நிலையம் சர்வகலாசாலையின் கிண்டி வளாகத்துக்கு மிக அண்மையில் அமைந்தமை பின்னர் பெரும் வாய்ப்பாயிற்று.

இனிக் கதிரைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரிலே றொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டார். அடுத்த மாதமே தம் மனைவியின் கையெலும்பைப் படமாக்கினார். சில கிழமைகளுள் மருத்துவர் அதனைக் கையாளத் தொடங்கிவிட்டனர். ஆயினும் அக்கதிரின் இயல்பு என்னவென்பது நெடுநாள் விளங்கவில்லை. 1912ஆம் ஆண்டில் மியூனிக் நகரிலே லாவுவேயின் கருத்துப்படி, செம்புச் சல்பேற்றுப் பளிங்கொன்றினூடே அக்கதிரைச் செலுத்திப் பார்த்தபோது ஒளித்தகட்டிலே புள்ளிக்கோலம் ஒன்று தோன்றியது. அக்கோலத்திலிருந்து பளிங்கினுள் அணுக்கள் நிற்கும் ஒழுங்கைக் கணிக்கும் வழியைப் பிராக் என்னும் தந்தையும் மகனும் வகுத்தனர். 1915ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெற்றபோது மகனுக்கு வயது 25.

பளிங்குக்கு ஏற்ற இவ்வழியை இழைகளுக்கும் கொண்டு சென்றவர் அஸ்ற்பரி. அவர் பணியாற்றியது லீட்ஸ் நகரில். அது கம்பளி நெசவுக்குப் பேர்போன ஊர். கம்பளியையும் மயிரையும் நீட்டியும் நீட்டாமலும் படம்பிடித்து, அவற்றின் புரதச் சங்கிலி மடிந்தும் விரிந்தும் நிற்பதை 1930ஐ அடுத்த ஆண்டுகளில் அவர் காட்டினார். நெசவாலைக்காரர் கேட்ட வினாவிலிருந்தே புரத அமைப்பாராய்ச்சி பிறந்தது என்று கூறினும் பெரிதும் தவறாகாது. 1951ஆம் ஆண்டில் அமெரிக்கரான பௌலிங்கும் கோறியும் அல்பாச் சுருளை வெளியிட்டு உலகை வியக்கச் செய்தனர். அவ்வாண்டிலேயே கொலாசனுக்கும் ஓர் அமைப்பைக் கூறினர், அது நிலைக்கவில்லை.

சென்னைக்கு வருவோம். கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டில் எர்ணாகுளத்திற் பிறந்தவர். பெங்களூரிலே மின்பொறியியல் கற்கச் சென்றவரைச் சேர் சி. வி. இராமன் தம் பௌதிகவியற் பகுதிக்கு இழுத்துக்கொண்டார். பின்னர் கேம்பிறிட்ஜிற் பட்டம் பெற்று 1949ஆம் ஆண்டில் மீண்டார். சென்னைச் சர்வகலாசாலையின் உபவேந்தராயிருந்த ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் பௌதிகவியற் பேராசிரியர் பதவிக்கு இராமனை அழைத்தார். அவர் தமக்குப் பதிலாக இம்மாணவரைச் சுட்டினார். 1952ஆம் ஆண்டில், முப்பது வயதளவில், இராமச்சந்திரன் அப்பதவியை ஏற்றார். உபவேந்தர் ஒரு மருத்துவர் என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

புதிய ஆய்வுகூடத்துக்கு எவ்வாராய்ச்சி தகும் என அவர் எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் ஆங்கிலேய அறிஞர் பேர்ணல் சென்னைக்கு வந்தார். கொலாசனுக்கு இதுவரை கூறப்பட்ட அமைப்பு எதுவும் பொருந்தவில்லை என்று அவர் பேச்சிடையே கூறியது இராமச்சந்திரனைத் தூண்டியது. கொலாசனுக்கு எங்கே போவது? அண்டையிலிருந்த தோல் ஆராய்ச்சி நிலையத்துக்கே போனார். கங்காருவின் வால்தசைநாணிலிருந்து எடுத்த தூய கொலாசன் அங்கு கிடைத்தது. கோபிநாத் கர்த்தா என்னும் இளைஞர் உடனிருந்து உழைத்தார்.

படத்தில் மாத்திரம் விடை கிடைத்துவிடவில்லை. இழைப்படம் பளிங்குப்படம்போற் கூர்மையானதன்று. இரசாயனப் பகுப்பு தந்த செய்தியொன்று கைகொடுத்தது. கொலாசனிலுள்ள அமினோ அமிலங்களுள் மூன்றிலொரு பங்கு கிளைசீன். ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு புரோலீனும் ஐதரொட்சிபுரோலீனும். கிளைசீன் அமினோ அமிலங்கள் யாவற்றினுஞ் சிறியது. மூன்றிலொன்று என்னும் கணக்குத் தற்செயலாக இராது. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசீன் நிற்கவேண்டும், அவ்விடம் வேறெதற்கும் இடங்கொடாத நெருக்கமான இடமாயிருக்கவேண்டும் என இராமச்சந்திரன் கருதினார். அக்கருத்திலிருந்து மூன்று சங்கிலிகள் அருகருகே நிற்க, கிளைசீன் யாவும் உள்நோக்கி அமையும் உருவம் தோன்றியது. இஃது 1954ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. மறு ஆண்டு செப்தெம்பரில் அதனைத் திருத்தி, ஒவ்வொரு சங்கிலியும் தானும் சுருண்டு, மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று சுற்றிக் கயிறுபோல் முறுகி நிற்கும் எனக் காட்டினர். கயிறு திரிப்போர் மூன்று புரியை முறுக்குவதைக் கண்ட எவர்க்கும் இவ்வுருவத்தை மனத்திற் காண்பது எளிது.

ஈரிரு திங்களுள் மறுப்பு வந்தது. கேம்பிறிட்ஜிலிருந்து கிறிக்கும் அமெரிக்கரான றிச்சும் எழுதினர். டி. என். ஏ.யின் இரட்டைச் சுருளைக் கண்டு இரண்டாண்டே கழிந்திருந்த கிறிக்கின் சொல்லுக்கு உலகெங்கும் மதிப்பிருந்தது. மூன்று சங்கிலிகள் முறுகிய உருவத்தை அவர்கள் ஏற்றனர். அதன் நுட்பத்தையே மறுத்தனர். மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு என்று சென்னையார் கூறியிருந்தனர். அவ்வாறு வைப்பின் சில அணுக்கள் தகாத அளவு நெருங்கிவிடும். ஆதலால் ஒரு பிணைப்பே அமையும் என்பது மறுப்பின் சாரம். இக்காலத்தில் இதனைக் கூறுவோர் சிலர், சென்னை ஆய்வாளருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று மாத்திரம் எழுதிவிடுகின்றனர். மூவிழை என்னும் கருத்துக்கு உரிய முதன்மை சில வேளைகளில் அவர்களுக்கு வழங்கப்படாதது உண்மையே. ஆயினும் அணு நெருக்கம் பற்றிய மறுப்பு வெறும் பகையால் எழுந்ததன்று. அது பௌதிகவியலுக்குரிய நேரிய மறுப்பு.

இராமச்சந்திரன் அதனை எதிர்கொண்ட முறையே இவ்வரலாற்றில் நாம் நின்று நோக்கவேண்டிய இடம். இரு பிணைப்புக் கொள்கையை அவர் எளிதிற் கைவிட்டாரல்லர். ஆயின் வாதத்தோடு அமையாது, மறுப்பினுள் மறைந்திருந்த வினாவைத் தனியே பிரித்தெடுத்தார். அணுக்கள் தகாத அளவு நெருங்குகின்றன என்கின்றனரே, தகும் அளவு யாது? அதற்குப் பலரும் பலவாறு கூறினரேயன்றி ஒழுங்கான விடை இருக்கவில்லை. ஆதலால் அதுவரை தீர்க்கப்பட்ட பளிங்கமைப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, பிணைப்பில்லாத அணுக்கள் உண்மையில் எவ்வளவு கிட்ட நிற்கின்றன என்று அளந்தனர். காபனணு இரண்டு 3.2 ஆங்ஸ்திரம் வரை நெருங்கலாம். மிக இறுக்கினால் 3.0 வரை, ஆங்ஸ்திரம் என்பது சதமமீற்றரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. இவ்வாறே ஏனைய அணுக்களுக்கும் அட்டவணை அமைந்தது.

அடுத்த படி எளிமையானது. எளிமையே அதன் சிறப்பு. புரதச் சங்கிலியின் ஒவ்வோர் அலகிலும் தாராளமாகத் திருகக்கூடிய பிணைப்புகள் இரண்டே. அவற்றின் கோணங்கள் இரண்டையும் ஒன்றைக் குறுக்காகவும் மற்றையதை நெடுக்காகவும் குறித்தால் ஒரு படம் கிடைக்கும். அதன் ஒவ்வொரு புள்ளியிலும் அணுக்கள் முட்டுகின்றனவா என்று கணிக்கவேண்டும். மேசைக் கணக்குப்பொறியை வைத்துக்கொண்டு சசிசேகரனும் இராமகிருஷ்ணனும் இவ்வேலையிற் பொறுமையோடு உழைத்தனர். முடிவிற் படத்தின் பெரும்பகுதி தடையுற்ற நிலமாயிற்று. சிறு தீவுகள் சில மாத்திரம் எஞ்சின. பௌலிங்கின் அல்பாச் சுருள் ஒரு தீவில் வீழ்ந்தது. கொலாசன் வேறொன்றில் வீழ்ந்தது. மூவர் பெயரிலும் 1963ஆம் ஆண்டில் வெளியான இப்படமே இராமச்சந்திரன் வரைபடம். இன்றும் எந்நாட்டில் எவர் ஒரு புரதத்தின் அமைப்பைத் தீர்ப்பினும், அது சரியோ பிழையோ என்று பார்க்க இவ்வரைபடத்தில் இட்டு நோக்குவது வழக்கம். புதிய மருந்தை வடிப்போரும், உயிரியலே அறியாது புரதத்தைப் பொருளாகக் கையாளுவோரும் இதனைக் கடந்தே செல்கின்றனர்.

கொலாசனின் கதை மருத்துவத்துக்கு எங்ஙனம் மீண்டது என்பதையும் சொல்லவேண்டும். நெடுங்கடற்பயணத்தில் மாலுமிகளைக் கொன்ற ஸ்கேவி நோயிலே முரசிலிருந்து குருதி வடியும். ஆண்டுகள் பல முன்னர் ஆறிய புண்ணும் மீண்டும் வாய்திறக்கும். 1747ஆம் ஆண்டில் 'சோல்ஸ்பரி' என்னும் போர்க்கப்பலிலே ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு பரிகாரம் கொடுத்துப் பார்த்தார். தோடையும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஏன் என்பது அவருக்கு விளங்கவில்லை. புரோலீனை ஐதரொட்சிபுரோலீனாக்கும் நொதியம் வேலை செய்வதற்கு விற்றமின் சீ வேண்டும். அம்மாற்றம் நிகழாவிடின் மூவிழைக் கயிறு உடல் வெப்பத்தில் இறுகி நில்லாது. அஃதாவது, ஸ்கேவி என்பது முறுக்குத் தளர்ந்த கயிற்றின் நோய். ஆறிய புண் திறப்பதும் அதனாலேயே. வடுவைப் பிணித்து நிற்பது கொலாசன். அது ஒருமுறை அமைந்தபின் அப்படியே கிடப்பதன்று, ஓயாது புதுப்பிக்கப்பட வேண்டியது.

கிளைசீனைப் பற்றிய ஊகமும் இவ்வாறே நோயாளரின் உடலில் மெய்ப்பட்டது. எலும்பு எளிதில் முறியும் பிறவிநோய் ஒன்றுண்டு. அந்நோயாளர் பலரிடம் கொலாசனின் ஆயிரத்துக்கு மேற்பட்ட அமினோ அமிலங்களுள் ஒரேயொரு கிளைசீன் மாத்திரம் வேறொன்றாக மாறியிருக்கக் காண்கின்றனர். நெருக்கமான அவ்விடத்திற் பெரியதொன்று புகின் கயிறு அங்கே குலைகின்றது. 1994ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் பெல்லா, பேர்மன், பிறொட்ஸ்கி முதலியோர், நடுவில் ஒரு கிளைசீனை வேண்டுமென்றே மாற்றிச் செயற்கையாகச் செய்த சிறு கொலாசன் துண்டொன்றைப் பளிங்காக்கி அணுவணுவாகக் கண்டனர். முறுகிய மூவிழை அங்கே இருந்தது. நேர்ப் பிணைப்பு மூன்றுக்கு ஒன்றே. கிறிக்கின் கணக்குச் சரி. ஆயின் சங்கிலிகளுக்கிடையே நீர் மூலக்கூறுகளும் ஒழுங்காக நின்று பாலமிட்டிருந்தன. இரண்டாம் பிணைப்பு நீரின் வழியாக அமையலாம் என்று இராமச்சந்திரனும் சந்திரசேகரனும் 1968ஆம் ஆண்டிலே கூறியிருந்தனர்.

இராமச்சந்திரன் 1970ஐ அடுத்துச் சென்னையை விட்டுப் பெங்களூருக்குச் சென்றார். 1977ஆம் ஆண்டில் இலண்டன் றோயல் கழகம் அவரைத் தன் அங்கத்தவராக்கியது. 1999ஆம் ஆண்டில் பளிங்கியலுக்குரிய ஏவால்ட் பரிசு கிடைத்தது. 2001ஆம் ஆண்டில் சென்னையிற் காலமானார். நொபெல் பரிசு கிட்டவில்லை. ஆயின் அவர் பணிகளுள் அதிகம் பேசப்படாத ஒன்றைக் குறியாது விடுதல் ஆகாது. 1971ஆம் ஆண்டில் இலட்சுமிநாராயணனோடு சேர்ந்து ஒரு கணிதமுறையை வெளியிட்டார். ஒரு பொருளைப் பல திசைகளிலிருந்து எடுத்த நிழற்படங்களைக்கொண்டு அதன் உட்குறுக்குவெட்டை விரைவாக மீட்டமைக்கும் முறை அது. வானொலி அலைகளால் விண்ணை ஆராய்ந்த பிறேஸ்வெல்லும் றிடிலும் 1967ஆம் ஆண்டிலேயே ஏறக்குறைய இதே வழியைக் கண்டிருந்தனர். ஞாயிற்றையும் விண்மீனையும் பார்க்கும் கணக்கு எலும்பைப் பார்க்கவும் பயன்பட்டமையின், இருவர் பெருமையும் குறைவதற்கில்லை. அவ்வாண்டு ஒக்தோபரிலே இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் பொறி முதல் நோயாளியின் மூளையை எக்ஸ் கதிரால் அடுக்கடுக்காகப் படமெடுத்தது. அது வேறு கணிதத்தாற் கணித்தது. பின்னர் வந்த பொறிகளே நிழற்படங்களைச் செப்பஞ்செய்து பின்னெறியும் இம்முறையை மேற்கொண்டன. இராமச்சந்திரனும் இலட்சுமிநாராயணனும் அக்கட்டுரைக்கு இட்ட தலைப்பிலே மருத்துவரின் எக்ஸ் கதிர்ப்படமும் மூலக்கூற்று ஆய்வாளரின் இலத்திரன் நுண்படமும் அருகருகே நிற்கின்றன.