சபையும் சடைவும்

மார்க்கச் சொற்பொழிவு கேட்பது நம் சமுதாயத்தின் தொன்றுதொட்ட பழக்கம். மீலாது விழாவாயினும், மதரஸாவின் பட்டமளிப்பு விழாவாயினும், மூன்று நாள் மாநாடாயினும் பந்தல் நிறைய மக்கள் கூடுகின்றனர். முதல் ஒரு மணி நேரம் கழிந்த பின்னர் அச்சபையைச் சற்றே கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். சிலர் பாயின் கோரையைப் பிய்த்துக் கொண்டிருப்பர். சிலர் தஸ்பீஹ் மணியை நினைவின்றி உருட்டுவர். முதியோர் கண்ணயர்வர். இளைஞர் கைபேசியில் ஆழ்ந்திருப்பர். இதனைக் கண்டு, காலம் கெட்டுவிட்டது என்று வருந்துவோர் உளர். ஆயின் சபையில் தோன்றும் சடைவு இக்காலத்தின் நோயன்று. அதன் வரலாறு மதீனத்துப் பள்ளியின் தரையிலிருந்தே தொடங்குகிறது.

அந்நாளில் மஸ்ஜிதுந் நபவியின் தரையில் பொடிக்கற்கள் பரப்பப்பட்டிருந்தன. ஓரிரவு மழை பெய்து தரை நனைந்துவிட, ஒருவர் தம் ஆடையில் கற்களை அள்ளி வந்து தமக்குக் கீழே பரப்பிக் கொண்டார் என்றும், அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நன்றென்று பாராட்டினார்கள் என்றும் அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. தொழுவதற்கு உதவிய அக்கற்களே, குத்பாவின்போது கைக்கு விளையாட்டுப் பொருளாகவும் ஆயின. ஜுமுஆவில் மௌனமாகச் செவிதாழ்த்துவோருக்குப் பாவமன்னிப்பை நற்செய்தியாகக் கூறிய அண்ணலார், கல்லைத் தொட்டவர் வீண் செயல் புரிந்தவராவார் என்றும் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிமில் இடம் பெற்றுள்ளது. இதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ (மறைவு ஹி. 676, கி.பி. 1277), கல்லை மட்டுமின்றி எல்லா வகை வீண் விளையாட்டையும் இவ்விலக்கு உள்ளடக்கும் என்கிறார். இன்றைய கைபேசியும் அன்றைய பொடிக்கல்லின் இனமே என்பதில் ஐயமில்லை.

உறக்கத்தைப் பற்றியும் வழிகாட்டுதல் உண்டு. ஜுமுஆவில் தூக்கம் வந்தால் இருக்குமிடத்தை விட்டு வேறிடத்திற்கு மாறி அமருமாறு கூறும் ஹதீஸைத் திர்மிதீ பதிவு செய்துள்ளார். முழங்கால்களை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அமரும் முறைக்கு அரபியில் 'இஹ்திபா' என்று பெயர். குத்பாவின்போது அவ்வாறு அமர்வதைத் தடுக்கும் அறிவிப்பும் உண்டு. அது துயிலை வரவழைக்கும் என்று அறிஞர்கள் காரணம் கூறினர். எனினும் இப்னு உமர் (ரலி) அவர்கள் இமாம் குத்பா ஓதும்போதே அவ்வாறு அமர்ந்ததுண்டு என்று அபூதாவூத் குறிப்பிடுவதால், இதில் கருத்து வேற்றுமைக்கு இடமிருந்தது தெளிவு.

இவையெல்லாம் கேட்போருக்குரிய ஒழுங்குகள். நம் மேடைகளில் இவை அடிக்கடி நினைவூட்டப்படுகின்றன. ஆனால் பேசுவோருக்குரிய ஒழுங்குகளும் அதே ஹதீஸ் நூல்களில் உள்ளன. அவை அத்துணை நினைவூட்டப்படுவதில்லை.

கூஃபாவின் இரு பாடங்கள்

உமர் (ரலி) அவர்கள் கூஃபா நகருக்கு அம்மார் பின் யாஸிர் (ரலி) அவர்களை ஆளுநராகவும், அப்துல்லாஹ் பின் மஸ்ஊத் (ரலி) அவர்களை ஆசானாகவும் அனுப்பினார்கள். இப்னு மஸ்ஊத் வியாழன்தோறும் மக்களுக்கு உபதேசம் செய்வார்கள். ஒருவர், தினந்தோறும் உபதேசித்தால் நன்றாயிருக்குமே என்று வேண்டினார். உங்களுக்குச் சடைவு உண்டாக்குவதை நான் வெறுப்பதே அதற்குத் தடை என்று கூறிய அவர்கள், எங்களுக்குச் சடைவு ஏற்படக்கூடாதென்று நபி (ஸல்) அவர்களும் நாள்களைத் தேர்ந்தே எங்களுக்கு உபதேசித்தார்கள் என்று விளக்கினார்கள். இந்த ஹதீஸில் ஆளப்பட்ட 'தகவ்வுல்' என்னும் சொல் சிந்திக்கத்தக்கது. கால்நடையையும் பொருளையும் அருகிருந்து வேளையறிந்து பேணுபவனை அரபியர் 'காயில்' என்பர். அச்சொல்லின் அடியாகப் பிறந்ததே இது. மேய்ப்பவன் தன் மந்தையின் பசியும் களைப்பும் அறிவதுபோல், உபதேசிப்பவர் கேட்போரின் நிலை அறியவேண்டும் என்பது இதன் குறிப்பு.

அம்மார் (ரலி) ஒருமுறை சுருக்கமாகவும் சொல்வளத்துடனும் குத்பா நிகழ்த்தி இறங்கினார்கள். இன்னும் சற்று நீட்டியிருக்கலாமே என்று மக்கள் ஆவலோடு கூறியபோது, தொழுகையை நீட்டுவதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒருவரின் மார்க்க விளக்கத்திற்கு அடையாளம் என்னும் நபிமொழியை எடுத்துரைத்தார்கள். இவ்விரு செய்திகளையும் நமக்கு அறிவிப்பவர் கூஃபாவின் தாபிஈயான அபூவாயில் ஒருவரே. இரண்டு நிகழ்ச்சிகளிலும் மக்களே 'இன்னும் வேண்டும்' என்று கேட்கின்றனர்; ஸஹாபாக்களே 'போதும்' என்கின்றனர். நம் மாநாடுகளில் இது தலைகீழாக நிற்பதை வாசகர்கள் அறிவர்.

தொழுகையை நீட்டுவதற்கும் வரம்பு இருந்தது. முஆத் பின் ஜபல் (ரலி) இஷாவில் நீண்ட ஸூரா ஓத, பகலெல்லாம் நீர் இறைக்கும் ஒட்டகங்களுடன் உழைத்து வந்த ஒருவர் விலகித் தனியே தொழுதுவிட்டார். வழக்கு நபியவர்களிடம் வந்தது. கண்டிக்கப்பட்டவர் அந்த உழைப்பாளி அல்லர். இமாமாக நின்ற முஆதே. பின்னால் நிற்போரில் முதியோரும் பலவீனரும் தேவையுடையோரும் இருப்பர் என்று நபியவர்கள் உணர்த்தினார்கள். குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தம் தொழுகையையே சுருக்கிக் கொண்டவர்களும் அவர்களே.

மிம்பரும் அதிகாரமும்

காலம் மாறியது. முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் (கி.பி. 661-680) மதீனாவின் ஆளுநராக இருந்த மர்வான், பெருநாள் தொழுகைக்கு முன்பே குத்பா நிகழ்த்த மிம்பரில் ஏறினார். அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவரது ஆடையைப் பற்றி இழுத்தார்கள். அவரோ உதறிக்கொண்டு ஏறினார். நபிவழியை மாற்றிவிட்டீர் என்று அபூஸயீத் கடிந்துரைத்தபோது மர்வான் சொன்ன காரணம் புகாரீயில் பதிவாகியுள்ளது: தொழுகை முடிந்தபின் மக்கள் எங்களுக்காக உட்காருவதில்லை, ஆகவே குத்பாவை முன்னுக்குக் கொணர்ந்தேன் என்றார். கேட்போர் எழுந்து செல்வதைக் கண்டும் தம் பேச்சைத் திருத்திக் கொள்ள அவர் முனையவில்லை. எழ இயலாத நேரத்தைத் தேடிக் கொண்டார். சபையைப் பிணைத்து வைக்கும் கலைக்கு அன்றே தொடக்கம் ஏற்பட்டது.

கல்நெஞ்சர் எனப் பெயர்பெற்ற ஹஜ்ஜாஜுக்கும் இத்தகைய அறிவுரை கூறப்பட்டது. அரஃபாத்தில் இப்னு உமர் (ரலி) அவர்களின் மைந்தர் ஸாலிம், நீர் ஸுன்னத்தை நாடினால் குத்பாவைச் சுருக்கி, வுகூஃபுக்கு விரைவீராக என்று அஞ்சாது கூறினார். ஹஜ்ஜாஜ் தந்தையின் முகத்தை நோக்க, மகன் சொன்னது உண்மையே என்றார்கள் இப்னு உமர்.

உவர்ப்புப் புல்

அறிவுச் சபைகளை நடத்திய பெரியோர் சடைவுக்கு மருந்தும் கண்டிருந்தனர். அரபியர் ஒட்டகத் தீவனத்தை இருவகையாகப் பிரிப்பர். இனிய புல் 'குல்லா'. உவர்ப்புச் செடி 'ஹம்ழ்'. இனிய புல்லையே மேய்ந்த ஒட்டகம் சலித்து உவர்ப்பை நாடும். இதிலிருந்து பிறந்த சொல்லே 'இஹ்மாழ்'. திருமறை விளக்கத்திலும் ஹதீஸிலும் நெடுநேரம் ஈடுபட்டுக் களைத்தால், சற்றே கவிதைக்கும் வரலாற்றுக்கும் திரும்புமாறு இப்னு அப்பாஸ் (ரலி) கூறுவார்கள் என்றும், இமாம் ஸுஹ்ரீயும் (மறைவு ஹி. 124) அவ்வாறே செய்தார் என்றும் நூல்கள் கூறும். பக்தாதின் கதீப் (மறைவு ஹி. 463, கி.பி. 1071), ஹதீஸ் ஆசிரியர்க்குரிய ஒழுங்குகளைத் தொகுத்த நூலில், சபையைக் கதைகளாலும் நயமான துணுக்குகளாலும் கவிதைகளாலும் முடிப்பது பற்றித் தனித் தலைப்பே எழுதியுள்ளார்.

அச்சபைகள் சிறியனவல்ல. ஆஸிம் பின் அலீ (மறைவு ஹி. 221) பக்தாதின் ருஸாஃபாப் பள்ளியில் நடத்திய சபையில் கூட்டம் மிகுதியால் ஒரே வாசகத்தைப் பதினான்கு முறை திருப்பிக் கூற நேர்ந்தது என்றும், எடுத்துரைப்பவர் வளைந்த ஈச்சமரத்தின் மேலேறிக் குரல் கொடுத்தார் என்றும், கலீஃபா முஃதஸிமின் ஆட்கள் கூட்டத்தை ஓரிலட்சத்து இருபதினாயிரம் என மதிப்பிட்டனர் என்றும் கதீப் தம் வரலாற்றில் எழுதுகிறார். ஒலிபெருக்கியற்ற நாளில் அவ்வளவு மக்களும் அமர்ந்திருந்ததன் இரகசியம் எளிது. அவர்கள் கையில் எழுதுகோல் இருந்தது. எழுதுகின்ற கைக்குக் கல் தேவையில்லை.

ஹிஜ்ரி 580இல் (கி.பி. 1184) பக்தாதுக்கு வந்த அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர், இன்னொரு முறையைக் கண்டு வியந்தார். நிஜாமிய்யாக் கலாசாலையில் கஸ்வீனீ என்னும் அறிஞரிடம் மக்கள் ஐயங்களைச் சீட்டுகளில் எழுதி நீட்ட, அவர் ஒவ்வொன்றாக எடுத்து விடையளித்தார். இப்னுல் ஜவ்ஸீயின் சபையில் இருபதுக்கும் மேற்பட்ட காரீகள் பகுதி பகுதியாகத் திருவசனங்களை ஓத, ஓதப்பட்ட வசனங்களையே தொடுத்து அவர் தம் உரையை அமைத்தார். அங்கே கேட்போர் வெறும் பார்வையாளராக இல்லை. சபையில் பங்குடையோராக இருந்தனர்.

பேசுவோர் யாவரும் மனத்திற் கொள்ளத்தக்க ஒரு செய்தியை ஜாஹிழ் (மறைவு ஹி. 255) தந்துள்ளார். ஹாரூன் ரஷீதின் காலத்துப் புகழ்பெற்ற உபதேசியார் இப்னுஸ் ஸம்மாக், தம் பேச்சைச் செவியுற்ற பணிப்பெண்ணிடம் அது எப்படி என்று கேட்டார். நன்றுதான், ஆனால் மீண்டும் மீண்டும் சொல்கிறீர்களே என்றாள். விளங்காதவர்க்கு விளங்கவே அவ்வாறு செய்கிறேன் என்றார். விளங்காதவர்க்கு விளங்கி முடிவதற்குள் விளங்கியவர் சலித்து விடுவாரே என்றாள் அப்பெண்.

நம் பிள்ளைகள் மார்க்கச் சபைகளை விட்டு விலகுகின்றனர் என்று பெற்றோர் கவலைப்படுகின்றனர். அக்கவலை நியாயமானது. எனினும் பிள்ளையைக் கடிந்து பந்தலில் உட்கார வைப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டு பேச்சாளரின் பெயரை அச்சிட்டு, ஒரே பொருளைப் பன்னிருவரும் பேசி, நள்ளிரவில் துஆ ஓதி அனுப்பிவிட்டு, மறுநாள் ஸுப்ஹில் பள்ளி வெறிச்சோடக் கண்டு வருந்துவதில் பயனென்ன? பேச்சாளர் நால்வர் போதும். இளைஞர் கையில் குறிப்பேடும் சீட்டும் கொடுக்கலாம். கேள்விக்கென்று நேரம் ஒதுக்கலாம். இவை புதுமைகளல்ல, பக்தாதிலும் கூஃபாவிலும் நம் முன்னோர் நடந்து காட்டிய வழிகளே. கல்லைத் தொடாதிருப்பது கேட்போர் மீதுள்ள கடமை; சடைவு தராதிருப்பது பேசுவோர் மீதுள்ள கடமை. முன்னதைக் கற்பித்த நபியவர்களே பின்னதை நடந்தும் காட்டினார்கள் என்பதை விழா அமைப்பாளர்கள் நினைவிற் கொள்வார்களாக.