வாசிக்கும் ஜெர்மனும் எழுதும் ஜெர்மனும்

1924 ஜூன் 4 அன்று டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினார். பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் புதிய வழியில் நிறுவும் சிறு கட்டுரை ஒன்று அதனுடன் இணைந்திருந்தது. வெளியிடத் தக்கதெனத் தோன்றினால் அதை 'ஸைட்ஷ்ரிஃப்ட் ஃப்யூர் ஃபிஸீக்' இதழில் வெளியிட ஏற்பாடு செய்யுமாறு போஸ் வேண்டினார். கட்டுரையைத் தாமே மொழிபெயர்க்கும் அளவுக்குத் தமக்கு ஜெர்மன் தெரியாது என்றும் எழுதினார். அதே கடிதத்தில், ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கட்டுரையை ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொணர்ந்தவர் தாமே என்பதையும் நினைவூட்டினார்.

இவ்விரு கூற்றுகளும் முதற்பார்வைக்கு முரண்படுவனபோல் தோன்றும். உண்மையில் அவை இந்தியப் பல்கலைக்கழகங்களில் ஜெர்மன் கற்கப்பட்ட ஒரு முறையின் இரு பக்கங்கள். அம்முறை மாணவரை வாசகராக்கியது, எழுத்தாளராக்கவில்லை.

அம்முறையின் தொடக்கம் தேவையிலிருந்து பிறந்தது. போஸும் மேகநாத் சாஹாவும் கல்கத்தா அறிவியல் கல்லூரியில் பணியேற்ற காலத்தில், புதிய இயற்பியலின் பெரும்பகுதி ஜெர்மனில்தான் இருந்தது. முதல் உலகப்போரால் ஜெர்மன் நூல்களும் இதழ்களும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வருவது அரிதாயிற்று. பெர்லினுக்கு ஆய்வுக்குச் சென்றிருந்த தேவேந்திர மோகன் போஸ் போர் முடியும்வரை அங்கேயே சிக்கிக்கொண்டார். அந்நிலையில் சிப்பூர் பொறியியல் கல்லூரியில் பணியாற்றிய ப்ரூல் தம்மிடமிருந்த ஜெர்மன் நூல்களை இளைஞர்களுக்கு வாசிக்கத் தந்தார். சாஹாவோ டாக்காவில் இன்டர்மீடியட் பயின்றபோதே ஜெர்மனைக் கூடுதல் பாடமாக எடுத்திருந்தவர். இத்தயாரிப்பின் விளைவாக ஐன்ஸ்டைன், மின்கோவ்ஸ்கி ஆகியோரின் மூலக் கட்டுரைகளை இருவரும் மொழிபெயர்க்க, மஹலநோபிஸின் முன்னுரையுடன் 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவற்றை வெளியிட்டது. லண்டனில் மெத்யூன் வெளியிட்ட ஆங்கிலத் தொகுப்பு வந்தது 1923-இல்தான்.

வாசிப்பு அத்தனை தொலைவு செல்ல முடிந்ததற்கு மொழியியல் காரணமும் உண்டு. இயற்பியல் கட்டுரையின் சொற்களஞ்சியம் குறுகியது. சமன்பாடுகள் பொருளைப் பாதி உரைத்துவிடும். பெயர்ச்சொல்லுக்கு முன் நீண்ட எச்சத் தொடரை அடுக்கும் ஜெர்மன் உரைநடை ஆங்கிலம் மட்டும் அறிந்தவரை மிரட்டும். பெயரெச்சத்தில் பழகிய இந்திய மொழியினருக்கு அது அவ்வளவு அந்நியமன்று. சார்பு வாக்கியத்தின் இறுதியில் வினை வந்து நிற்பதும் அப்படியே. ஆனால் எழுத முற்படும்போது நிலை மாறுகிறது. பெயர்ச்சொற்களின் மூன்று பால், நான்கு வேற்றுமைகள், அவற்றுக்கேற்பத் திரியும் அடைமொழி ஈறுகள் ஆகியவற்றை வாசகர் ஊகித்துக் கடந்துவிடலாம். எழுதுபவர் ஒவ்வோரிடத்திலும் முடிவெடுத்தாக வேண்டும். நடுநிலைக்கும் உயர்நிலைக்கும் இடையில் மாணவர் பலர் தேங்கி நிற்கும் இடமும் இதுவே.

போஸின் கட்டுரையை ஐன்ஸ்டைன் தாமே ஜெர்மனில் பெயர்த்து, அது ஒரு முக்கியமான முன்னேற்றம் என்ற குறிப்புடன் வெளியிட்டார். இது பலரும் அறிந்த செய்தி. அதே ஆண்டில் போஸ் அனுப்பிய இரண்டாவது கட்டுரையின் கதை அவ்வளவு பேசப்படுவதில்லை. அதையும் ஐன்ஸ்டைனே மொழிபெயர்த்தார். இம்முறை இறுதியில் தம் மறுப்பையும் சேர்த்தார். போஸின் மறுமொழி அவ்விதழில் இடம்பெறவில்லை. அதற்கு மொழி மட்டுமே காரணம் என்று கூறவியலாது. எனினும், தன் சொல் பிறர் கையால் அச்சேறும்போது விவாதத்தின் இறுதிச் சொல்லும் பெரும்பாலும் அக்கைக்கே உரியதாகிவிடுகிறது.

இதற்கு எதிர்முனையில் நிற்பவர் இராவதி கார்வே. 1928-இல் பெர்லின் சென்ற அவர், ஒய்கன் ஃபிஷரிடம் மனித மண்டையோட்டின் இயல்பான சமச்சீரின்மை குறித்து ஆய்ந்து, தம் ஆய்வேட்டை ஜெர்மனில் எழுதினார். ஃபிஷர் இனவாத மானுடவியலின் முன்னணி ஆளுமை. அவரது மேற்பார்வையில் இருந்துகொண்டே, சமச்சீரின்மைக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை என்ற முடிவைக் கார்வே முன்வைத்தார். தரவு அவருக்குத் துணிவு தந்தது. மேற்பார்வையாளரின் மொழியிலேயே மறுக்கும் ஆற்றலை ஜெர்மன் எழுத்துப் பயிற்சி தந்தது.

ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட பொது மொழிச் சட்டகம் வாசித்தல், கேட்டல், பேசுதல், எழுதுதல் ஆகியவற்றைத் தனித்தனியே அளக்கிறது. ஒருவர் எல்லாவற்றிலும் ஒரே நிலையில் இருக்க வேண்டியதில்லை என்பதையும் அது ஏற்கிறது. இன்றைய வழக்கில் சொன்னால், போஸ் வாசிப்பில் சி-1 நிலையை எட்டி, எழுத்தில் அதற்கு வெகு கீழே நின்றவர். ஆயினும் தேர்வுச் சான்றிதழை முன்னிறுத்திய பயிற்சி, உரையாடலில் தொடங்கிக் கடிதத்திலும் கருத்துரையிலும் முடிந்துவிடுகிறது. பி-2 தேறிய மாணவர் விமான நிலையத்தில் தடுமாறுவதில்லை; கான்ட்டின் ஒரு பத்தியின்முன் தடுமாறுகிறார். அன்றைய குறை எழுத்தில் இருந்தது. இன்றைய குறை வாசிப்பில் சேர்ந்துகொண்டிருக்கிறது.

வரலாறு, மெய்யியல், இந்தியவியல் ஆய்வுக்கு ஜெர்மன் கற்பவர்க்கு இவ்விரண்டும் வேண்டும். துறைநூல்களை மூலத்தில் வாசிக்கும் தனித்தாள் ஒன்றும், சொந்த வாதத்தை ஜெர்மனில் எழுதித் திருத்தும் கருத்தரங்கு ஒன்றும் நடுநிலைப் பருவத்திலேயே பாடத்திட்டத்தில் இடம்பெறுதல் நலம். 1920-இன் மொழிபெயர்ப்பு வாசிப்பின் வலிமையைக் காட்டியது. நான்கே ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட அந்தக் கடிதம் அதன் எல்லையைக் காட்டியது.